துண்டுக்குள் வந்த அட்டை

விடுதியின் சலவைக்கூடத்தில் பத்து இயந்திரங்களில் இரண்டுதான் உறுமுகின்றன. மற்றவை வாய் பிளந்து கிடக்கின்றன. சலவை வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, விருந்தினர் அறையிலிருந்து இறங்கிய அழுக்குத் துண்டை உதறுகிறாள். பச்சை அட்டை ஒன்று விழுகிறது: ‘விருந்தினரே, இதே துண்டை நாளையும் பயன்படுத்துங்கள், பூமியைக் காப்போம்.’ மேற்பார்வையாளர் வாசலைத் தாண்டாமலே சொல்கிறார். “துண்டு வரத்து கொறைஞ்சுபோச்சுக்கா. இனிமே ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாப் போதும்.” அவள் அட்டையைக் குனிந்து எடுக்கிறாள். “அப்போ பூமி பொழைச்சிரும்ல தம்பி?” அவர் பார்வையைச் சன்னலுக்குத் திருப்புகிறார். வெளியே உச்சிவெயிலில், ஆளே இறங்காத நீச்சல்குளத்துக்குள் செயற்கை அருவி கொட்டிக்கொண்டே இருக்கிறது. அவள் கைகள் பழக்க தோஷத்தில் அந்த அட்டையை மூன்றாக மடித்து, ஓரம் நீவி, வெள்ளைத் துண்டுகளின் அடுக்குமேல் வைக்கின்றன. அது மெல்ல விரிந்துகொள்கிறது.