அழிய மறுத்த வீடியோ

கோகுல்ராஜ் மறுபடியும் டெலீட்டை அழுத்தினான். ‘இந்த ஃபைல் திறந்திருக்கிறது, அழிக்க முடியாது’ என்று அதே கட்டம் திரையில் வந்து நின்றது.

கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. மச்சான் ஜெயச்சந்திரன் வந்தவாசியில் ஆரணி பஸ் ஏறிவிட்டான். “அன்னிக்கு மட்டும் உன் வீட்டு கேமரா ரிப்பேராம், அத நாங்க நம்பணுமா? நானே வந்து பாக்குறேன்” என்று போனில் கத்திவிட்டுத்தான் ஏறியிருந்தான்.

அவன் இதைப் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

மூன்று வயது மகள் காவ்யா, வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்து ஒரு மாதமாகிறது. மூடியைப் போட மறந்தது தான்தான் என்று கோகுல்ராஜே போலீசில் எழுதிக் கொடுத்திருந்தான். காரியத்தன்று மாமியார் எல்லோர் முன்னாலும் அவன்மேல் மண்ணை வாரித் தூற்றினாள். மனைவி சுகன்யா அன்றிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கேமரா மாட்டிக் கொடுத்த நண்பன் குணாவுக்குப் போன் போட்டான்.

“கேமரா பொட்டில இருந்தத அன்னிக்கே அழிச்சோம் இல்ல? நீ கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்த காப்பி அழிய மாட்டுதுடா.”

“அத இன்னுமா வெச்சிகினு இருக்க? பைத்தியமா உனக்கு?”

அந்த வீடியோவின் தொடக்கத்தில் காவ்யா ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு, தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டு நடந்து வருவாள். கோகுல்ராஜ் அந்த இடம் வரைக்கும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவான். அதற்காகத்தான் வைத்திருந்தான்.

“ரீஸ்டார்ட் பண்ணியா?”

“பண்ணிட்டேன். வந்து நின்னதும் அதே பேஜார்தான்.”

“எதுலயாச்சும் அந்த வீடியோவத் தொறந்து வெச்சிருக்கியா பாரு.”

“இல்லடா. நான் எதையுமே தொறக்கல.”

“அப்போ வேற யாரோ தொறந்து வெச்சிகினு இருக்காங்க.” குணாவின் குரல் தாழ்ந்தது. “அந்த ஃபோல்டர வேற எந்த மெஷினுக்காவது குடுத்திருக்கியா?”

அது பட்டுச் சேலை டிசைன்கள் இருக்கும் ஃபோல்டர். வியாபாரிகளுக்குப் படம் அனுப்புவதற்காக மாடி லேப்டாப்பிலும் அது தெரியும்படி கோகுல்ராஜ்தான் செய்து வைத்திருந்தான். அன்றைய பதற்றத்தில் குணா வீடியோவை அதற்குள்ளேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இத்தனை நாள் அது இவன் புத்தியில் உறைக்கவே இல்லை. மகள் போன பிறகு அந்த லேப்டாப்பை யாரும் தொடவில்லை என்றுதான் நினைத்திருந்தான்.

“டேய், லைன்ல இருக்கியா?”

போனை மேஜைமேல் போட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினான். பக்கத்து வீட்டுப் பவர்லூம் சத்தத்தில் அவன் வந்தது கேட்டிருக்காது. கதவு சும்மா சாத்தியிருந்தது.

சுகன்யா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். வீடியோ ஓடி முடிந்ததும், விரலால் தட்டி மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். அவன் நிறுத்தும் இடத்தில் அவள் நிறுத்தவில்லை.

“சுகன்யா, அத நிறுத்து. உன்ன கெஞ்சிக் கேக்குறேன், நீ அதப் பாக்காத.” பிடுங்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

அழுது முடித்த முகமாக இல்லை. அழவே தெரியாத முகமாக இருந்தது.

ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் அவனை நிமிர்ந்து பார்த்துப் பேசினாள்.

“போன் பேசிகினே மூடியப் போடாம வந்தது நான்தானேங்க?”