பாதிப் பெட்டி

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு ஒரு விக்கல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக இப்படித்தான். கேட்கக் கேட்க அபிதாவுக்கு வயிறு எரிந்தது.

அந்தப் பக்கம் இருப்பவள் அவளுடைய ஓரகத்தி வைரமணி, கணவனின் அண்ணன் மனைவி. இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிப் பழைய கம்ப்யூட்டர். மதுரையில் ஒரு ஆபீஸ் கழித்துப் போட்டதை மாமனார் சுருளியாண்டி ஆளுக்கொன்றாக வாங்கிக் கொடுத்திருந்தார்.

அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சுருளியாண்டிக்கு வாழ்க்கையில் ஒரே பயம், மருமகள்களுக்குள் பொறாமை வந்துவிடுமோ என்பது. சேலை எடுத்தால் ஒரே நிறத்தில் இரண்டு எடுப்பார். பலாப்பழம் ஒன்று கிடைத்தாலும் தராசில் நிறுத்துத்தான் பிரிப்பார்.

அடுத்த மாதம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். அழைப்பிதழ்களில் பாதியை வைரமணி கம்ப்யூட்டரில் வடிவமைக்க வேண்டும், மீதிப் பாதியை அபிதா. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். சொந்தபந்தம் எல்லாம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் என்பது அபிதாவுக்குத் தெரியும்.

ஆனால் மாமனார், மாமியார் படத்தை ஏற்றினாலே அபிதாவின் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. திராட்சையைத் தரம் பிரிக்கத் தரையில் சாக்கு விரிப்பார்களே, மெமரியும் அப்படித்தான். சாக்கு சின்னதாக இருந்தால் பெரிய கூடையைக் கொட்ட முடியாது. பாட்டுப் போட்டால்கூட நாலு வரிக்கு ஒருமுறை விக்கும்.

விஷயம் தெரிந்ததும் மாமனார் மதுரைக்குப் போய்ப் புது மெமரி வாங்கி வந்து இரண்டு வீட்டுக்கும் கொடுத்தார். விரல் நீளப் பச்சை அட்டை, அதில் வரிசையாகக் கறுப்புச் சில்லுகள். அபிதாவுக்கு வந்தது, கத்தரியால் நேராக வெட்டிய ஒரு பாதி அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

அதைப் பொருத்தினால் கம்ப்யூட்டர் ‘பீப், பீப்’ என்று அலறியது, திரை இருண்டு கிடந்தது. கழற்றினால் பழையபடி ஓடியது. மூன்று நாள் பொறுத்துவிட்டு, தேனியில் கடை வைத்திருக்கும் அருண்பாண்டியை வரவழைத்தாள்.

அவன் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான். “ஒண்ணுதான் வாங்குனீகளா அக்கா? இந்தப் பழைய போர்டு ஒத்தையாப் போட்டா எடுக்காது. ரெண்டு ரெண்டாத்தான் போடணும். நுகத்தடியில ஒத்த மாட்டப் பூட்டுனா வண்டி நகருமா?”

“அங்கன மட்டும் எப்படி நகருதாம்? அவுகளுக்கும் ஒண்ணுதான் குடுத்தாரு எங்க மாமா. மூணு நாளாப் பாடுது, நீயே கேளு தம்பி.”

அருண்பாண்டி சுவரைப் பார்த்தான். பிறகு தன் பையைப் பார்த்தான்.

மெமரியின் அடியில் பல் வரிசை போல இருந்த உலோகத் தகடுகளை அழிரப்பரால் தேய்த்துப் பொருத்தினான். பீப். அடுத்த பள்ளத்துக்கு மாற்றினான். அங்கும் பீப்.

பக்கத்து வீட்டில் ‘டக்’கென்று சத்தம் கேட்டது. சற்று அமைதி, பிறகு அடுத்த பாட்டு. அரை மணிக்கு ஒருமுறை இந்த ‘டக்’ கேட்கும். சிடி மாற்றுகிறாள், எத்தனை சிடிதான் வாங்கி வைத்திருக்கிறாளோ என்று அபிதா பல்லைக் கடித்தாள்.

“நல்லத அங்கன குடுத்துட்டு சொத்தைய இங்கன தள்ளிட்டாரு” என்றாள். தராசு பிடித்த கையே இப்படிச் செய்யுமா என்று நினைக்க நினைக்கக் கண் கலங்கியது.

அருண்பாண்டி தயங்கினான். பிறகு பைக்குள் கைவிட்டு அதே மாதிரி இன்னொரு மெமரியை எடுத்தான். இரண்டையும் அடுத்தடுத்த பள்ளங்களில் சாய்த்து நுழைத்து, ‘க்ளிக்’ என்று நிமிர்த்தினான்.

ஒரே ஒரு சின்ன பீப். திரை ஒளிர்ந்து, மெமரியின் அளவைக் காட்டும் எண்கள் ஓடின. இதுவரை 16384-இல் நின்றவை இப்போது 32768 வரை போய் நின்றன. அழைப்பிதழைத் திறந்தாள். மாமியாரின் மூக்குத்திக் கல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

“இதையே குடுத்துட்டுப் போ தம்பி” என்றாள். “என்ன விலைன்னாலும் சரி. பக்கத்து வீட்டுக்கு மட்டும் தெரிய வேணாம்.”

“இது விக்கிறதுக்கு இல்லக்கா. காலையில தேனிக்கு வந்த ஒரு அக்கா கடையில குடுத்துட்டுப் போனாக. வேலை செய்ய மாட்டேங்குது, என்னன்னு பாருன்னாக.” அவன் தலையைச் சொறிந்தான். “அவுகளும் இதையேதான் சொன்னாக. பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேணாம்னு.”

அபிதாவுக்குப் புரியவில்லை. அவன் பையிலிருந்து ஒரு பாதி அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். கத்தரியால் நேராக வெட்டிய பாதி.

அவள் தன் பாதியை மெல்ல நகர்த்தி அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் சேர்ந்து முழுப் பெட்டி ஆயின. மேலே அச்சடித்திருந்த படத்தில் இரண்டு மெமரிகள் அருகருகே இருந்தன.

மாமனார் கத்தரியால் வெட்டிய கோட்டை விரலால் தடவினாள்.

“அப்ப அந்தப் பாட்டு?”

சுவருக்கு அந்தப் பக்கம் ‘டக்’கென்றது. பாட்டு நின்றது.

“டேப்ரெக்கார்டர்ல கேசட்டத் திருப்பிப் போடுறாக அக்கா.”