மூன்றாவது வரி

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கூடத்து மேசைமேல் சாய்த்துப் போட்டிருக்கிறது. டியூஷன் பிள்ளைகளோடு பிள்ளையாக, மேசைக் கோடியில் டீச்சரின் மகளும் உட்கார்ந்திருக்கிறாள். டியூஷன் தொடங்கிவிட்டால் அம்மா அம்மா இல்லை, மிஸ். அம்மாவே போட்ட சட்டம். கடைசிப் பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போயிருக்கும்; அப்புறம் மகளிடம் பேச்செல்லாம் சைகையில்தான். இப்போது பென்சில்கள் கரகரக்கின்றன. அம்மாவின் வளையல் சத்தம் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் நின்று நின்று வருகிறது. மகள் கணக்கை எப்போதோ முடித்துவிட்டாள். விடை சரிதானா என்று இன்னொரு தடவை பார்க்கிறாள். பிறகு மூன்றாவது வரிக்குப் போய், கழித்தல் குறியின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கூட்டலாக்குகிறாள். வளையல் அவள் தோளருகே வந்து நிற்கிறது. “நேத்தும் இதே இடத்துலதானே கோட்டை விட்டே?” “புரியல மிஸ்.” எதிரே இருப்பவன் களுக்கென்று சிரிக்கிறான். அம்மா அவனைக் கண்டுகொள்ளாமல் முக்காலியை இழுத்துப் போட்டு, மகளின் முழங்கை உரச உட்காருகிறாள். “சரி, முதல்லேர்ந்து போடலாம்.” பென்சிலை வாங்கி வரிவரியாக, நிதானமாக எழுதுகிறாள். மூன்றாவது வரியில், கணக்கில் ஒருநாளும் தப்பாத அந்தக் கை கூட்டல் குறி போடுகிறது. மகள் நிமிர்ந்து பார்க்கிறாள். அம்மா தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “பாரு, எனக்கும் தப்பாயிடுச்சு,” என்கிறாள், கட்டத் தொடங்கிவிட்ட குரலில். “மறுபடியும் முதல்லேர்ந்துதான் போடணும்.”