நாலாம் பிறைக்கு நேராக

ஏரி உடைந்து ஒரு மாதமாகிறது. திருவேற்காட்டுக்கு அப்பால், பார்வதத்தின் ஓட்டு வீடு நிற்கும் மேடு மட்டும் தண்ணீருக்கு நடுவே தீவாகக் கிடக்கிறது. லாரி டியூபில் பலகை கட்டி வந்த கொழுந்தன் எத்திராஜ் மேட்டில் ஏறாமல், மேற்கு வானத்துக்கு முதுகைக் காட்டியபடி முழங்கால் தண்ணீரில் நிற்கிறான். அந்தியின் சிவப்பு இன்னும் வடியவில்லை. பனைகளுக்கு மேலே தேங்காய்ப் பத்தை போல நாலாம் பிறை. அதைப் பார்த்தவர் நாய் படாத பாடு படுவார் என்பது ஊர்ப் பேச்சு.

"போன மாசம் இதப் பாத்த, வெள்ளம் வந்துச்சு. கெளம்பு அண்ணி. ஊடு போனா போவுது."

பார்வதம் ஈர விறகை ஊதுகிறாள். கிழக்குத் தண்ணீரிலிருந்து எழுந்த பௌர்ணமிக்கு எதிரே அவள் தனியாகக் கார்த்திகை விளக்கு வைத்தாள். விடியலில் மேற்கே இறங்கிய தேய்பிறையைப் பார்த்தாள். அமாவாசை இருட்டையும் பார்த்தாகிவிட்டது.

"நான் எறங்குனா மறுநாளே இங்க பிளாட் கல்லு நட்டுடுவே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினியா?"

எத்திராஜ் டியூபில் ஏறுகிறான். பார்வதம் முக்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து, கண் இமைக்காமல் பிறையைப் பார்க்கிறாள். கரையும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. அவன் குனிந்த தலையோடு துடுப்பு போட, டியூப் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது.

"தலய நிமித்தி ஓட்டு எத்திராஜு," என்கிறாள். "கரை அங்கதான் கீது."