வக்காலத்து

“வாணாம்னு மட்டும் சொல்லிராதீங்க சார். உங்கள வுட்டா எனக்கு நாதியில்ல!” கார்குழலி மேஜையைச் சுற்றி வந்து வக்கீல் ஆறுமுகநயினாரின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“முதல்ல எந்திரிம்மா. ஆபீஸ்ல வந்து இதென்ன கூத்து?” அவர் காலை இழுத்துக்கொண்டார். இப்படி விழுகிற அம்மாக்களை வாரத்துக்கு நாலு பேரையாவது பார்க்கிறவர் அவர். பெண் விஷயத்தில் மாட்டியவனை வெளியே கொண்டுவர வேண்டுமென்றால், ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை எல்லோரும் கை காட்டுவது எம்.சி. ரோட்டில் இருக்கும் இந்த மாடியைத்தான்.

கார்குழலி எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவள். கையில் ஹைகோர்ட் வாசலில் வாங்கிய வக்காலத்து ஃபாரம். இன்றைக்கு அதில் அவர் கையெழுத்து விழ வேண்டும். விழாமல் வீட்டுக்குப் போனால் அவளால் உயிரோடு இருக்க முடியாது.

“பையனுக்கு என்ன வயசு?”

“இருவத்திரெண்டு சார்.”

“அந்தப் பொண்ணுக்கு?”

“பதினாலு.”

“சரிதான், போக்சோ! ஜாமீனே லேசுல கிடைக்காதேம்மா. எப்ப பிடிச்சாங்க?”

“முந்தாநேத்து சார்.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் மெல்லத் துடைத்தார். கார்குழலி அந்த விரல்களையே பார்த்தாள். கோர்ட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் அவர் அப்படித்தான் துடைப்பார். அவளால் அதை மறக்க முடியுமா?

கதவு திறந்தது. குமாஸ்தா டென்னிஸ் தலையை நீட்டினான். “சார், மணலியிலேர்ந்து பார்ட்டி வந்துகீறாரு. டேங்கர் லாரி ஓனரு. அவசரமாம்.”

“அஞ்சு நிமிஷம் உட்காரச் சொல்லு.”

“அய்யோ, அவர உள்ள வுடாதீங்க சார்!” கார்குழலி பதறிப்போய்க் கை கூப்பினாள். “நான்தான் சார் மொதல்ல வந்தேன். ஃபீசும் வெளிய கட்டிட்டேன், ரசீது கையில கீது. மொதல்ல எனக்குப் போட்ருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“அட, அவர் என்ன என்னைத் தூக்கிட்டா போகப்போறார்?” வக்கீல் சிரித்தார். “தைரியமா இரும்மா. இந்த மாதிரி கேஸெல்லாம் உடையறது ஒரே இடத்துலதான். அந்தப் பொண்ணு சாட்சி சொல்ல வரும் பாரு, அங்க. இப்பல்லாம் முன்ன மாதிரி நேரா கேட்க முடியாது, ஜட்ஜ் மூலமாத்தான் கேட்கணும். ஆனா கேள்வி என்னோடதுதானே?”

கார்குழலி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு வருத்தம்தான். கதவைச் சாத்திட்டு நடக்கிற விசாரணை, ஈ காக்கா உள்ள வர முடியாது. அதனால என் சாமர்த்தியத்தை வெளியாள் ஒருத்தனும் பார்த்ததில்லை.” பெருமூச்சு விட்டுவிட்டுக் கையை நீட்டினார். “சரி, குடு.”

அவள் ஃபாரத்தை நீட்டினாள். க்ரைம் நம்பர் எழுதியிருந்தது. கட்சிக்காரர் இடத்தில் கார்குழலி என்று கையெழுத்து இருந்தது.

“நீ போட்டா எப்படிம்மா? பையன்ல போடணும்? சரி விடு, டென்னிஸை ஜெயிலுக்கு அனுப்பி ஒண்ணு வாங்கிக்கலாம்.” ஒரு நாளைக்கு இருபது கையெழுத்துப் போடுகிறவர், அதற்கு மேல் பார்க்கவில்லை. ஒரே இழுப்பில் போட்டு, கீழே தேதியும் போட்டார்.

கார்குழலி செல்போனை எடுத்து அதை ஒரு படம் பிடித்துக்கொண்டாள். முதல் படம் சரியாக விழவில்லை, இன்னொன்று எடுத்தாள்.

“சார், இனிமே அந்தப் பக்கத்து ஆளுங்க வந்து உங்கள கூப்புட்டா போயிருவீங்களா?”

“விவரம் தெரியாத பொம்பளையா இருக்கியே! ஒருத்தருக்கு வக்காலத்துல கையெழுத்துப் போட்டு, கேஸையும் கேட்டாச்சு. இனிமே கோடி ரூபா கொட்டினாலும் அதே கேஸ்ல எதிர்ப்பக்கம் நிக்க முடியாது. நின்னா என் சன்னதே போயிடும்.”

“கோட்டு மாட்ட முடியாதா சார்?”

“ஆமாம்மா, வக்கீல் தொழிலே பண்ண முடியாது. போதுமா? நிம்மதியா வீட்டுக்குப் போ.” அவர் மணியை அடித்தார்.

லாரி ஓனர் கும்பிட்டபடியே உள்ளே வந்தார். “சார், நீங்கதான் எம்புள்ளைய…” கார்குழலியைப் பார்த்ததும் கும்பிட்ட கை அப்படியே நின்றது. “இவ இன்னாத்துக்கு சார் இங்க வந்துகீறா? இவ பொண்ணு குடுத்த கம்ப்ளைண்ட்லதான சார் எம்புள்ள உள்ள கீறான்!”

வக்கீல் ஃபாரத்தை எடுத்துப் பார்த்தார். கார்குழலியைப் பார்த்தார்.

“ஏம்மா, உங்க பக்கம் வாதாட கவர்மெண்டே வக்கீல் வைக்குமே? குற்றவாளிக்கு ஆஜராகிறவன்கிட்ட வந்து கால்ல விழுந்தியே, நான் எதுக்கும்மா உனக்கு?”

கார்குழலி செல்போனைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

“பதினாறு வருசம் முன்ன கோர்ட்டுல கதவ சாத்திக்கினு என்னைய கேட்டீங்களே சார், அந்தக் கேள்விங்க எம்பொண்ணு காதுல வுழக் கூடாது.”