வெட்டாத அட்டை

கல்லாவில் வழக்கமாக நிற்கும் பெண் இல்லை. புது ஆள் நின்றார். கண்ணாடிக் கதவு வழியாக அதை இரண்டு தரம் பார்த்துக்கொண்ட பிறகுதான் அவள் மருந்துக்கடைக்குள் ஏறினாள்.

மணி பன்னிரண்டு இருபது.

பள்ளிக்கூடத்தில் பணம் கட்டும் ஜன்னலை ஒரு மணிக்குச் சாத்திவிடுவார்கள். இன்றுதான் கடைசி நாள். கட்டாத பிள்ளைக்குப் பரீட்சை எழுத அனுமதிச் சீட்டு கிடையாது என்று மகளின் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார்கள். மகள் அதைக் காட்டவில்லை. இவள்தான் பார்த்தாள்.

அவளுக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள். ஒருவர் இரும்புக்கடை முதலாளி, இன்னொருவர் அரசுப் பள்ளியில் ஓய்வு பெற்ற வாத்தியார். இருவரும் சம்பந்திகள். யாரும் சொல்லாமலே அவர்கள் போட்ட சத்தத்தில் எல்லாம் தெரிந்துபோயிற்று.

புது ஆள் அவர்களுடைய மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு அலமாரி அலமாரியாகத் தேடிக்கொண்டிருந்தார்.

“பத்து மாத்திரைக்கு இந்த வெலையா? அரசாங்கம் ஒரு கயித்தைப் போட்டு இழுத்துப் புடிக்க வேண்டாமா, சம்பந்தி?” என்றார் வாத்தியார்.

“புடிச்சா எவன் மருந்து செய்வான்? நாலு பேரைப் போட்டி போட விடுங்க, வெலை தானா எறங்கும். பள்ளிக்கூடமும் அப்படித்தான்.”

“இரும்புக் கம்பியும் படிப்பும் ஒண்ணா?”

“முப்பது வருஷம் பாடம் எடுத்தீங்களே, உங்க பையனை அந்தப் பள்ளிக்கூடத்துலயா சேர்த்தீங்க?”

“அவன் படிச்ச படிப்பைப் பார்த்துத்தானே பொண்ணு குடுத்தீங்க!” என்றார் வாத்தியார். “போன மாசம் வரைக்கும் அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில மாத்திரைக்கு நின்னது யாராம்?”

“இல்லேன்னு கையை விரிச்சாங்க. அதனாலதானே இங்க வந்து நிக்கிறேன்!”

அவள் கால் மாற்றி நின்றாள். பையைக் கை மாற்றினாள். கடிகாரத்தில் பன்னிரண்டு முப்பத்தொன்று.

இரும்புக்கடைக்காரர் சட்டென்று திரும்பினார். “நீயே சொல்லும்மா. இதையெல்லாம் அரசாங்கம் பார்க்கணுமா, எங்களை மாதிரி ஆளுங்க பார்க்கணுமா?”

“கொஞ்சம் வழி விடுறீங்களா? எனக்கு ஒரு மணிக்குள்ள ஒரு இடத்துக்குப் போகணும்.”

வாத்தியார் சிரித்தார். “இதுதான் சம்பந்தி சரியான பதில். போம்மா, நீ முதல்ல வாங்கிக்க.”

வாங்க வரவில்லை அவள். பையிலிருந்து எட்டு மாத்திரை அட்டைகளையும் மடித்த பில்லையும் எடுத்துப் பலகைமேல் வைத்தாள். மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்று வாங்கியவை. ஒன்பதாவது அட்டை பாதி வெட்டியது. அதில் ஆறு மாத்திரை மீதி. அதையும் வைத்தாள்.

புது ஆள் சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார். வெட்டிய அட்டை திரும்பப் பெறப்படாது.

அவள் அதை மட்டும் எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

அவர் மற்ற அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். “இது நெஞ்சுக்குக் குடுக்குறதாச்சே. நடுவுல நிறுத்தக் கூடாதும்மா. டாக்டர் மாத்தி எழுதிட்டாரா?”

“இல்லீங்க.”

“அப்போ எப்படித் திருப்பி வாங்குறது? காரணம் எழுதணுமே.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அவங்க போயிட்டாங்க. போன வாரம்.”

சம்பந்திகள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். புது ஆள் பில்லை விரித்து அதிலிருந்த பெயரை மெல்ல வாய்விட்டுப் படித்தார். இவங்களா என்பதுபோலப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

“என்ன வயசு?” என்றார் வாத்தியார்.

“நாப்பத்திரண்டு.”

“அடப்பாவமே. சொந்தமாம்மா?”

“கூடவே இருந்தவங்க.”

புது ஆள் பில்லின் ஓரத்தில், அந்தப் பெயருக்கு நேராக, ‘காலமானார்’ என்று எழுதிக் கீழே கோடு போட்டார். கோடு முடியும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து சதவிகிதம் பிடித்துக்கொள்வோம் என்று சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. மனசைத் தேத்திக்குங்கம்மா என்று சொல்லிப் பணத்தை இரண்டு கையாலும் கொடுத்தார்.

அவள் வாசல் படி இறங்கும்போது பின்னால் குரல்கள் மறுபடி கிளம்பின.

“அரசாங்கம் ஒழுங்காக் குடுத்திருந்தா அந்தப் பொண்ணு பொழைச்சிருக்கும்.”

“ஆமா, குடுத்துக் கிழிச்சாங்க. வெலை எறங்கியிருந்தாத்தான் பொழைச்சிருக்கும்.”

அதற்குமேல் கேட்க நேரமில்லை. இரண்டு தெரு. முதல் தெருவை ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள். இரண்டாவதில் நடை மட்டும். பள்ளி அலுவலகம் மாடியில் இருந்தது. ஏழாவது படியில் நின்றாள். பன்னிரண்டாவதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நின்றாள்.

ஜன்னல் பாதி சாத்தியிருந்தது. உள்ளே கையை விட்டாள்.

“அடடா, இருங்க, இருங்க. கதவுல கையை நசுக்கிக்காதீங்க.” குமாஸ்தா அம்மாள் கதவைத் திறந்து பணத்தை வாங்கினாள். “ஒரு மாடி ஏறுனதுக்கா இப்படி மூச்சு வாங்குது? உடம்பைப் பார்த்துக்குங்கம்மா. இந்தாங்க, இதை நிரப்புங்க.”

மாணவி பெயர். வகுப்பு. பிரிவு.

இடது கைக்குள் அந்தப் பாதி வெட்டிய அட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தாயார் பெயர் என்ற இடத்தில், சற்று முன்னால் மருந்துக்கடையில் புது ஆள் வாய்விட்டுப் படித்த அந்தப் பெயரையே, எழுத்துப் பிசகாமல் எழுதினாள்.