பதினாலாவது நகர்த்தல்

உலகத்தில் இதுவரை யாரும் யாரோடும் ஆடியிராத ஒரு நகர்த்தல் ஜெஸ்லினிடம் இருந்தது. அதற்கு இன்னும் மூன்று நகர்த்தல்தான் பாக்கி.

“பிஷப் டி மூணு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் காயை வைத்தாள். எதிரே கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்த முனியராஜுக்குப் பார்வை கிடையாது. அப்படிப்பட்டவரோடு ஆடும்போது ஒவ்வொரு நகர்த்தலையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர் தன் முன்னால் இருந்த துளை போட்ட பலகையில் காய்களைத் தடவிப் பார்த்துப் பதில் சொன்னார்.

விருதுநகர் கல்யாண மண்டபம் ஒன்றில் மாவட்ட செஸ் போட்டி. கூட்டத்தில் பாதி, பிள்ளைகளைக் கூட்டி வந்த அப்பாக்கள். ஆடுகிற பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் அதிகமாக வேர்த்தது.

ஆனைக்குட்டத்தில் டீச்சராக இருக்கும் ஜெஸ்லின் கோப்பைக்காக வரவில்லை. இந்த ஒரு ஆளோடு மோத வேண்டும் என்றே மூன்று வருடமாகப் போட்டி போட்டியாகப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் வாய்த்தது.

அவள் அண்ணன் சாம்சுந்தரும் இந்த முனியராஜும் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், ஒரே அறையில் மருந்து அடைத்தவர்கள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை அந்த அறை வெடித்தது. உள்ளே இருந்த நாலு பேரில் முனியராஜ் மட்டும் கண்ணைக் கொடுத்துவிட்டு உயிரோடு வந்தார்.

‘சாம்சுந்தர் கை தவறியதால் மருந்து உரசி வெடித்தது. கவனக்குறைவு’ என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்? ஊரும் அதையே பிடித்துக்கொண்டது.

அந்த ஒரு வார்த்தைதான் ஜெஸ்லினுக்கு ஆறவே இல்லை. அவள் அண்ணனா கவனமில்லாதவன்? முனியராஜைச் செஸ்ஸில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று, இரண்டு மாதம் ஞாயிறு தவறாமல் சர்ச் விட்டு வந்ததும் அவளை எதிரே உட்கார வைத்துத் தயார் பண்ணியவன் அவன்.

“இதுக்கு அந்தாளு இதத்தான் ஆடுவாரு, பாத்துக்க” என்பான். பதிலை எழுதி, அந்தப் பதிலுக்கும் பதில் எழுதி, ஒரு நோட்டே நிறைந்துவிட்டது. கடைசி ஞாயிற்றுக்கிழமை நோட்டை மூடி வைத்துவிட்டு, “எல்லாம் ரெடி பாப்பா. நாளைக்கு வேலையோட வேலையா அந்தாளக் கவுத்திருவேன்” என்றான். மறுநாள் மத்தியானத்துக்குள் அவன் இல்லை.

அந்த ஆட்டத்தை அந்த ஆளிடமே ஆடிக் காட்ட வேண்டும். இருபத்திரண்டு நகர்த்தல் முன்கூட்டி யோசித்தவனைக் கவனமில்லாதவன் என்று இனி ஒருத்தரும் சொல்லக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இதுவரை முனியராஜ் ஆடியதெல்லாம் நோட்டில் இருந்த பதில்தான். ஒன்றுகூடப் பிசகவில்லை. ‘இப்பச் சிப்பாயத் தள்ளுவாரு’ என்று அண்ணன் குரல் காதுக்குள் சொல்லும். எதிரே அவர் சிப்பாயைத் தள்ளுவார்.

ஆடுவது அண்ணன்தான், தான் அவனுக்கு வெறும் வாய் என்று ஜெஸ்லினுக்குத் தோன்றியது. அவன் பின்னால் நிற்கிறானோ என்று திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

பதினாலாவது நகர்த்தல் வந்தது.

“குதிரை ஈ ஆறு. வெட்டு” என்றாள்.

பக்கத்துப் பலகைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு சிப்பாயை எடுத்துக்கொண்டு முழுக் குதிரையைக் கொடுக்கிறாளே என்று ஒருத்தர் உதட்டைப் பிதுக்கினார்.

முனியராஜின் விரல்கள் காய்களின் மேல் அப்படியே நின்றுவிட்டன. கடிகாரத்தில் கால்மணி நேரம் கரைந்தது. பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, “சிப்பாயால வெட்டுதேன்” என்றார்.

அதற்கப்புறம் அவர் பலகையைத் தொடவே இல்லை. அவள் சொல்லச் சொல்ல, வாயாலேயே பதில் சொன்னார். அவர் காய்களையும் சேர்த்து அவளே நகர்த்தினாள்.

ராணி பாய்ந்தது. பிஷப் செக் வைத்தது. யானையையும் தூக்கிக் கொடுத்தாள். கோட்டைக்குள் பத்திரமாக இருந்த கறுப்பு ராஜா நடுப்பலகைக்கு இழுத்து வரப்பட்டு, போக்கிடமில்லாமல் நின்றது. இருபத்திரண்டாவது நகர்த்தலில், “மேட்” என்றாள்.

சுற்றி நின்றவர்கள் கைதட்டிவிட்டார்கள். சத்தம் கூடாது என்று அதட்டிய நடுவரே இரண்டு தட்டுத் தட்டினார். ஜெஸ்லினுக்குக் கண் நிறைந்து பலகை தெரியவில்லை.

முனியராஜ் முகத்தை நிமிர்த்தினார். “நீ சாமு தங்கச்சிதான?”

“ஆமாண்ணே. உங்ககூட ஆடணும்னு அவன் சேத்து வச்ச ஆட்டம் இது. ஆடக் குடுத்து வைக்கல. கவனமில்லாதவனா அண்ணே இப்படி யோசிப்பான்? நீங்களே சொல்லுங்க.”

“அவன்மேல ஒரு தப்பும் கெடையாது, தாயி. உள்ள போன் கொண்டு போக விட மாட்டாங்க, பலகையும் கெடையாது. மருந்து அடைச்சிக்கிட்டே நாங்க ரெண்டு பேரும் வாயாலதான் ஆடுவோம். அன்னிக்கும் ஆடுனோம். ஆறு வருசமா இதுக்கு மேல என்னன்னு தெரியாமக் கெடந்தேன்.”

“எதுக்கு மேல?”

முனியராஜ் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“அன்னிக்குச் சாமு குதிரைய வெட்டுக் குடுக்கான்னு கேட்டதும், எங் கைதான் தாயி தவறிருச்சு.”